கத்தியை அளக்கும் சட்டம் யாரைப் பிடிக்கிறது?

"தினமும் பையில் வைத்துக்கொள்ள, நீண்ட நாள் உழைக்கும் ஆட்டோமேட்டிக் கத்தி எது?" அமெரிக்காவில் இன்று இது வெகு சாதாரணமான கேள்வி. செல்பேசி வாங்கும் முன் நாம் நாலு பேரிடம் விசாரிப்பது போல அங்கே இதை விசாரிக்கிறார்கள். பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால், உள்ளிருக்கும் ஸ்பிரிங் தள்ள, மடங்கிக் கிடக்கும் அலகு நொடியில் விரிந்து பூட்டிக்கொள்ளும். அங்கே அதற்கு ஸ்விட்ச்பிளேடு என்று பெயர். இங்கே விசைக்கத்தி என்று எழுதுகிறேன்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்வது சுருக்கமாக இதுதான். பிடியின் முனையிலிருந்து நேராகப் பாயும் அலகைவிட, பக்கவாட்டில் விரியும் அலகு கடுமையான வேலையைத் தாங்கும். அதில் நகரும் பாகங்கள் குறைவு. தூசியும் நூலும் உள்ளே புகுந்து சிக்குவதும் குறைவு. பட்டை ஸ்பிரிங்கைவிடச் சுருள் ஸ்பிரிங் அவ்வளவு எளிதில் முறியாது. எஃகு துருப்பிடிக்கக் கூடாது, கூர் நிற்க வேண்டும். விரிந்த அலகு ஆடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அலகைப் பிடியோடு இணைக்கும் அச்சு. அது தளர்ந்தால் கத்தியின் ஆயுள் முடிந்தது.

இந்த அறிவுரைகளின் கடைசியில் ஒரு வரி வரும்: "உங்கள் மாநிலத்துச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்." வாங்குபவர் வெள்ளையினத்தவர், வசதியான புறநகர்வாசி என்றால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம். ஒரு கறுப்பின இளைஞருக்கோ, லத்தீன் அமெரிக்கத் தொழிலாளிக்கோ அந்த வரியில்தான் எல்லாமே இருக்கிறது.

கத்திச் சட்டங்கள் அலகின் நீளத்தையும் அது திறக்கும் விதத்தையும் அளப்பதாகச் சொல்லிக்கொள்கின்றன. எதை அளந்தன என்பதைவிட யாரைப் பிடித்தன என்று பார்த்தால்தான் அவற்றின் வரலாறு புரியும். அமெரிக்கக் கத்தியின் வரலாற்றை ஒரு தலித் இளைஞர் ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, இந்த முறையில் படிக்கப் பழகுவதற்காக என்பதே என் பதில்.

1865: பெயர் சொல்லியே தடுத்த சட்டம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்துகொண்டிருந்த அந்த ஆண்டிலேயே தென்மாநிலங்கள் "கறுப்புச் சட்டங்கள்" எனப்படும் சட்டங்களைக் கொண்டுவந்தன. விடுதலையான மக்களை மறுபடியும் பண்ணைக்குள் கட்டிப்போடுவதே அவற்றின் நோக்கம். வேலை ஒப்பந்தம் இல்லாமல் இருந்தால் குற்றம், ஊர் சுற்றினால் குற்றம் என்று எழுதிவைத்தார்கள்.

மிசிசிப்பி மாநிலம் 1865 நவம்பரில் இயற்றிய சட்டம் இதில் வெளிப்படையானது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ குத்துவாளோ பௌவி கத்தியோ வைத்திருக்கக் கூடாது. ராணுவப் பணியில் இருந்தால், அல்லது மாவட்ட வாரியம் உரிமம் கொடுத்தால் மட்டும் விலக்கு. மீறினால் 10 டாலர் வரை அபராதம். பிடிபட்ட ஆயுதம் யாருக்குப் போகும் தெரியுமா? காட்டிக்கொடுத்தவருக்கு.

அதே ஊரில், அதே கத்தியை, அதே நாளில் ஒரு வெள்ளைப் பண்ணையார் இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். சட்டம் அவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. பின்னர் வந்த அரசமைப்புத் திருத்தங்களால் இப்படி இனத்தின் பெயரைச் சொல்லிச் சட்டம் எழுதும் வழி அடைபட்டது. அதற்குப் பிறகு எழுதப்பட்ட ஆயுதச் சட்டங்கள் பொதுவான சொற்களில் வந்தன. அந்தச் சொற்களை யார்மீது பயன்படுத்துவது என்ற முடிவு மட்டும் காவலர் கையில் நின்றது.

கருவியாக வந்த கத்தி

அமெரிக்காவில் விசைக்கத்தியைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது 1890களில். ஜார்ஜ் ஷ்ரேட் என்பவர் பொத்தானில் திறக்கும் கத்திக்குக் காப்புரிமை பெற்று, நியூயார்க் மாநிலத்தின் வால்டன் என்ற சிற்றூரில் அதைத் தயாரித்தார். மடக்குக்கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும். நகக்குழியில் நகத்தை விட்டு இழுக்க வேண்டும். ஒரு கையில் மாட்டின் கயிற்றையோ மீன் வலையையோ பிடித்திருப்பவருக்கு அது முடியாது. அவர்களுக்காக வந்த கருவி இது. தையல்காரர்கள் நூல் வெட்டச் சின்னஞ்சிறு விசைக்கத்திகளும் விற்கப்பட்டன.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவமே இதை வாங்கிப் பாராசூட் வீரர்களுக்குக் கொடுத்தது. மரத்தில் சிக்கித் தொங்கும் வீரர் ஒரு கையால் கத்தியைத் திறந்து கயிற்றை அறுத்துக்கொள்ள வேண்டும். அவர்களின் மேல்சட்டையில் கழுத்துக்குக் கீழே இதற்கென்றே ஒரு ஜிப் பை தைத்திருந்தார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் இத்தாலியிலிருந்து மெல்லிய, நீண்ட விசைக்கத்திகளை நினைவுப் பொருளாகக் கொண்டுவந்தார்கள். அந்த வடிவத்துக்கு அமெரிக்காவில் சந்தை உருவானது.

அதுவரை யாரும் இதைச் சமூகச் சிக்கல் என்று பேசவில்லை.

1950கள்: பீதி எப்படித் தயாரானது

1950 நவம்பரில் பெண்களுக்கான ஒரு பிரபல மாத இதழில் ஜாக் ஹாரிசன் பொலாக் என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரை வந்தது. "கொல்லும் பொம்மை" என்ற பொருள் தரும் தலைப்பு. பதின்வயதுப் பிள்ளைகள் கையில் விசைக்கத்தி பரவுகிறது, அம்மாக்களே விழித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் தொனி. அடுத்த சில ஆண்டுகளில் பத்திரிகைகளும் சினிமாவும் அதைப் பிடித்துக்கொண்டன. 1955இல் வந்த 'ரெபெல் விதவுட் எ காஸ்' படத்தில் விசைக்கத்திச் சண்டை வந்தது. 1957இல் மேடையேறிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' நாடகத்தில் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் கத்தியோடு வந்தார்கள்.

அந்தக் காலத்தைச் சமூகவியல் மாணவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தென்மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கு நகரங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மக்கள் நியூயார்க்கில் குடியேறினார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொன்னது. வெள்ளை நடுத்தர வர்க்கத்துக்குத் தன் தெருவில் புதிதாகத் தெரிந்த முகங்களைப் பற்றி ஓர் அச்சம் இருந்தது. அதை நேரடியாகச் சொல்வதைவிட ஒரு பொருளின் மேல் ஏற்றிச் சொல்வது எளிது. சமூகவியலில் இதற்கு அறப்பீதி என்று பெயர்.

நியூயார்க் மாநிலம் 1954இல் விசைக்கத்தியைத் தடை செய்தது. அதே ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் டிலேனி என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் நாடு முழுமைக்குமான மசோதாவைக் கொண்டுவந்தார். 1958 ஆகஸ்ட் 12 அன்று கூட்டாட்சி விசைக்கத்திச் சட்டம் நிறைவேறியது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு இதை விற்றாலோ அனுப்பினாலோ 2,000 டாலர் அபராதம், 5 ஆண்டு வரை சிறை. அன்றைய நீதித்துறையும் வணிகத்துறையும்கூட இந்தச் சட்டம் வேண்டுமென்று பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் நிறைவேறியது.

இந்தச் சட்டத்தின் விலக்குகளைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ராணுவத்துக்கு விலக்கு. ஒரு கை மட்டும் உள்ளவர், 3 அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள கத்தியை வைத்துக்கொள்ள விலக்கு. ஒரு கையால் வேலை செய்ய வேண்டியவருக்கு இது தேவையான கருவி என்பது சட்டம் எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தேதான் மற்றவர்கள் கையில் அது ஆயுதம் என்று எழுதினார்கள்.

இதே காலத்தில், 1957இல் வந்த 'டுவெல்வ் ஆங்ரி மென்' படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். சேரியில் வளர்ந்த 18 வயதுப் பையன்மீது கொலைக் குற்றச்சாட்டு. அபூர்வமானது என்று அரசுத் தரப்பு சொன்ன விசைக்கத்தி, அந்தப் பகுதியில் ஓர் அடகுக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. இன்னொரு காட்சியைப் பலர் மறந்துவிடுகிறோம். குடிசைப் பகுதியில் வளர்ந்த ஒரு ஜூரி எழுந்து, விசைக்கத்தி பழகியவர் அதை மேலிருந்து கீழாகக் குத்த மாட்டார், கீழிருந்து மேலாகத்தான் குத்துவார் என்று காட்டுவார். அந்த அறையில் இருந்த படித்தவர்களுக்கு அது தெரியாது. ஒடுக்கப்பட்டவரின் அனுபவம் சாட்சியமாக மதிக்கப்பட்டதால் அங்கே வழக்கின் போக்கு மாறியது. நிஜ நீதிமன்றங்களில் அந்த ஜூரி பெரும்பாலும் இருப்பதில்லை.

நியூயார்க்: மணிக்கட்டை உதறிப் பார்க்கும் சோதனை

1958இல் நியூயார்க் இன்னொரு வகைக் கத்தியையும் தடை செய்தது. புவியீர்ப்பாலோ, வீசும் விசையாலோ திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தி. ஜெர்மானியப் பாராசூட் வீரர்களிடமிருந்து வந்த ஒரு வகைக் கத்தியை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. தலைகீழாகப் பிடித்தால் அலகு தானே வழுக்கி வெளியே வரும்.

பிற்காலத்தில் நியூயார்க் காவல்துறை இதை விரித்துப் பொருள் கொண்டது. வன்பொருள் கடையில் வாங்கிய சாதாரண மடக்குக்கத்தியைக் காவலர் கையில் எடுத்து, மணிக்கட்டை வேகமாக உதறுவார். அலகு திறந்துவிட்டால் அது தடை செய்யப்பட்ட கத்தி. எத்தனை முறை உதறலாம், எவ்வளவு வேகம் என்று எந்த வரையறையும் இல்லை.

தொடக்கத்தில் சொன்ன அச்சை இங்கே நினைத்துப் பாருங்கள். புதுக் கத்தியில் அது இறுக்கமாக இருக்கும்; உதறினால் எளிதில் திறக்காது. நாள் முழுக்க அட்டைப்பெட்டி அறுப்பவரின், மின்கம்பி சீவுபவரின் கத்தியில் அது தளர்ந்திருக்கும், உதறினால் திறந்துகொள்ளும். விலை உயர்ந்த கத்தியை வாங்கி அலமாரியில் வைப்பவர் சோதனையில் தேறிவிடுவார். மலிவான கத்தியை உழைத்துத் தேய்த்தவர் மாட்டிக்கொள்வார். வாங்கிய நாளில் சட்டத்துக்கு உட்பட்டிருந்த கருவி, உழைக்க உழைக்கக் குற்றமாக மாறியது.

'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பத்தாண்டுகளில் இப்படி 60,000 வரை வழக்குகள். ஏழைகளுக்காக வாதாடும் லீகல் எய்ட் சொசைட்டி தன்னிடம் வந்த வழக்குகளை ஆராய்ந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் மக்கள். முன்பு ஏதேனும் ஒரு வழக்கில் தண்டனை பெற்றவர் என்றால் இதே குற்றம் 7 ஆண்டு வரை சிறை தரும் குற்றமாக உயரும். கத்தியை யாருக்கு எதிராகவும் ஓங்கியிருக்க வேண்டியதில்லை. பையில் இருந்தால் போதும்.

விற்ற கடைகளுக்கு என்ன ஆனது? 2010இல் மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் பெரிய கடைகளோடு உடன்பாடு செய்துகொண்டது. ஏறக்குறைய 19 லட்சம் டாலர் செலுத்தியதோடு அவர்கள்மீது வழக்கு இல்லை. அதே கடைகளில் ரசீதோடு வாங்கிய தொழிலாளிக்குக் கைவிலங்கு.

மாற்றம் சும்மா வரவில்லை. பொதுநல வழக்கறிஞர்களும் தொழிற்சங்கங்களும், ஆயுத உரிமை பேசும் வலதுசாரிக் கத்தி ஆர்வலர்களும்கூட ஒரே கோரிக்கைக்காக நின்றார்கள். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2016இலும் 2017இலும் நிராகரித்தார். வேலைக்காகக் கத்தி வைத்திருந்து பிடிபட்ட ஒரு சமையல்காரர் தொடுத்த வழக்கில், சட்டம் தெளிவற்றது, அவர் விஷயத்தில் அரசமைப்புக்குப் புறம்பானது என்று 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அந்த ஆண்டு மே 30 அன்று அந்தத் தடை நீக்கப்பட்டது. சட்டம் 61 ஆண்டுகள் நடைமுறையில் இருந்திருந்தது.

பால்டிமோர், 2015

2009இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டைவிரலால் சற்றுத் தள்ளிவிட்டால் மீதியை ஸ்பிரிங் திறக்கும் கத்திகளையும் விசைக்கத்தியாகக் கருதப் பார்த்தது. கத்தித் தயாரிப்பாளர்கள் திரண்டார்கள். சில மாதங்களிலேயே, அந்த ஆண்டு அக்டோபரில், நாடாளுமன்றம் 1958 சட்டத்தைத் திருத்தி அவ்வகைக் கத்திகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. சந்தைக்கு ஆபத்து என்றால் சட்டம் எவ்வளவு வேகமாக நகரும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2015 ஏப்ரல் 12 அன்று, பால்டிமோர் நகரில் 25 வயது ஃபிரெடி கிரே காவலர்களைப் பார்த்ததும் ஓடினார். துரத்திப் பிடித்துச் சோதித்ததில் பையில் ஒரு கத்தி. விசைக்கத்தி என்று எழுதிக் கைது செய்தார்கள். காவல் வேனில் கொண்டுபோகும்போது அவரது முதுகெலும்பு முறிந்தது. ஏப்ரல் 19 அன்று இறந்தார். அது மேரிலாந்து மாநிலச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட கத்திதான், கைதே சட்டவிரோதம் என்று மே 1 அன்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். காவலர் தரப்போ, ஸ்பிரிங் உதவியோடு திறக்கும் கத்தி நகரச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது என்று வாதிட்டது. ஆறு காவலர்கள்மீது வழக்கு நடந்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை.

அந்தக் கத்தி எந்த வகை என்று வல்லுநர்கள் இன்றும் வாதிடலாம். அந்த வாதம் முடியும்வரை உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஃபிரெடி கிரேவுக்குக் கிடைக்கவில்லை.

இன்று அமெரிக்காவில் காற்று மாறியிருக்கிறது. 2010இல் நியூ ஹாம்ப்ஷயர் தொடங்கி ஒவ்வொரு மாநிலமாகத் தடையை நீக்கி வருகின்றன. 2024 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் உயர்மட்ட நீதிமன்றம் விசைக்கத்தித் தடையே அரசமைப்புக்கு எதிரானது என்றது. அதனால்தான் "நல்ல ஆட்டோமேட்டிக் கத்தி எது" என்று இன்று நிம்மதியாகக் கேட்க முடிகிறது. தடை இருந்த காலத்தில் சிறை போனவர்களின் குற்றப் பதிவேடு அந்த நிம்மதியால் அழிந்துவிடாது.

நம் சட்டப் புத்தகத்தில்

இந்தியாவிலும் இதே கேள்வி உண்டு. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியர்கள் ஆயுதம் வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. இன்றைய சட்டம் 1959இல் வந்தது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுதம். வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கத்திக்கு விலக்கு. அதன் 4ஆம் பிரிவைப் பயன்படுத்தி டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை 'பட்டன்தார்' கத்தியை, அதாவது நாம் பேசிவந்த அதே விசைக்கத்தியை, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் தொட்டுவிட்டால் தடை செய்கிறது.

கரும்பு வெட்டுபவரின் அரிவாள், இளநீர் கடைக்காரரின் அரிவாள் எல்லாம் நீளத்தால் ஆயுதம், தொழிலால் கருவி. இரவில் வண்டியை மறிக்கும்போது அது எது என்று முடிவு செய்வது யார்? எந்தத் தெருப் பையன் என்று கேட்டுவிட்டு எடுக்கும் முடிவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விதியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 3ஆம் விதி, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யவும், தேவையென்றால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்கவும் மாநில அரசைக் கேட்கிறது. கையில் ஆயுதம் யாரிடம் இருக்கிறது என்பதே ஒரு சாதிக் கேள்வி என்று நம் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. உங்கள் மாவட்டத்தில் இந்த விதி எத்தனை முறை பயன்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பாருங்கள்.

யாரையும் கத்தி எடுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. கத்தி இருக்கும் இடத்தில் சண்டை வந்தால் நம் பிள்ளைகள்தான் சாவார்கள், நம் பிள்ளைகள்தான் சிறைக்கும் போவார்கள். நான் கேட்பது வேறு. அடுத்த முறை நம் தெருவில் ஒரு பையனைக் "கத்தியோடு பிடித்தோம்" என்று சொன்னால், கைப்பற்றுதல் மகசரை வாங்கிப் படியுங்கள். களத்தில் நான் பார்க்கும் மகசர்களில் "கத்தி 1" என்று மட்டும் எழுதியிருப்பதுண்டு. அலகின் நீளம், அகலம் அளந்து எழுதியிருக்கிறதா? எப்படித் திறக்கும் கத்தி என்று இருக்கிறதா? அவர் என்ன வேலை செய்கிறார், எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது பதிவாகியிருக்கிறதா? சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? இல்லாதவற்றைக் குறித்து அன்றைக்கே வழக்கறிஞரிடம் கொடுங்கள். நியூயார்க்கில் 61 ஆண்டுச் சட்டத்தை அசைத்த போராட்டத்துக்கும் இப்படி ஒவ்வொரு வழக்காக எண்ணி எழுதிய பட்டியல்தான் ஆதாரமாக நின்றது.